வண்டிக் கதவில் சிவப்புக் கை

லிவர்பூல் துறைமுகத்தில் கப்பல் முதலாளி பிளென்கின் வந்து இறங்கிய வண்டியின் கதவில், புதிதாக ஒரு சிவப்புக் கை தீட்டியிருந்தது. அவர் கப்பலில் சங்கிலி நசுக்கி வலக்கை போய், இரும்புக் கொக்கி மாட்டித் திரிந்த அம்ப்ரோஸ் அதையே முறைத்தான்.

"அது யாரு கை?"

"மொதலாளிக்கு ராஜா குடுத்த பட்டத்தோட சின்னம்டா, ஒத்தக்கையா," என்றான் வண்டிக்காரன். "அப்பனுக்கு அப்புறம் மகன், பேரன்னு வழிவழியா வரும்."

"என் கை நசுங்கினப்ப மட்டும், 'உன் கை, உன் பாடு'ன்னாரே."

அம்ப்ரோஸ் அந்தச் சின்னத்தைப் பார்த்துக் கொக்கியை ஓங்கினான். தடுக்கப் பாய்ந்த முதலாளியின் உள்ளங்கையைத் துளைத்துக்கொண்டு அது கதவுப் பலகையில் இறங்கியது. அவர் போட்ட அலறலில் குதிரை மிரண்டது. அம்ப்ரோஸ் கொக்கியைப் பிடுங்கவில்லை.

"இது உங்க கை மொதலாளி, உங்க பாடு," என்றான். "புள்ளைக்கும் குடுங்க."