நிமிராத செம்பு

மேசைமேல் பென்சில் நீளத்தில் ஒரு செம்புக் கம்பி படுத்திருந்தது. அது உருண்டு விழாமலிருக்க, பக்கத்துக்கொரு அழிரப்பர் காவல் நின்றது. ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் ‘இழுவை’ என்று கூப்பிடும் அந்த ஆராய்ச்சி மாணவன், வேறெந்த ஜீவனையும் இவ்வளவு பத்திரமாகப் பார்த்துக்கொண்டதில்லை. உலோகங்களை எந்திரத்தில் மாட்டி இழுப்பது அவன் வேலை என்பதால் வந்த பெயர். ஆராய்ச்சியும் அப்படியே போய்க்கொண்டிருந்ததால் நிலைத்துவிட்டது. இந்தக் கம்பி முழுவதும் ஒரே படிகம். உருகிய செம்பை ஒரு முனையிலிருந்து மெல்ல மெல்ல ஆறவிட்டு, அணுக்களெல்லாம் ஒரே ஒழுங்கில் அணிவகுக்கும்படி கெஞ்சிக் கூத்தாடி வளர்த்தது. எத்தனையோ பாழான பிறகு தேறியது இது ஒன்றுதான். இவன் சமன்பாடு சொல்கிறபடி இது நீண்டு கொடுத்துவிட்டால், வீட்டில் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கும் ‘டாக்டர்’ பட்டம் உண்மையாகிவிடும்.

ஆனால் இன்று அவனுக்குக் கவலை கம்பியைப் பற்றி இல்லை. எதிர் நாற்காலியில் அக்கா உட்கார்ந்திருந்தாள், மடியில் துணிப்பையோடு. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை அவளுக்கு. ஜனங்கள் மேலே உட்கார்ந்து நசுக்கிய ஃபிரேம்களையெல்லாம் நிமிர்த்திக் கொடுப்பவள். அத்தான் அடிக்கிறவர் இல்லை, குடிக்கிறவர் இல்லை. கோபம் வந்தால் பேச்சை நிறுத்திவிடுவார். வாரக்கணக்கில். பசித்தால் தட்டைக் கொஞ்சம் சத்தமாக வைப்பார், அவ்வளவுதான். இரண்டு முறை கிளம்பி வந்தவளை இரண்டு முறையும் அம்மா சமாதானம் சொல்லி அனுப்பி வைத்தாள். இது மூன்றாவது. காலையில் அம்மா போனில் பொறுப்பை இவனிடம் ஒப்படைத்திருந்தாள். நீ படிச்சவன், நீ சொன்னா கேப்பா. சாயங்காலம் மாப்பிள்ளை காரோட அங்கேயே வர்றார், ஏத்தி விட்டுடு. இவனும் சரி என்றிருந்தான். அம்மாவிடம் சரி என்பது அவனுக்கு மூச்சு விடுகிற மாதிரி. யோசித்துச் செய்கிற காரியமில்லை.

சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்துத்தான் வைத்திருந்தான். வாயைத் திறந்ததும் வந்தது படிகவியல். எந்தப் பொருளையும் அழுத்தினால் ஓர் எல்லை வரைக்கும், விட்டதும் திரும்பி வந்துவிடும். தாண்டினால் வராது, குழைந்து வழிந்துவிடும். எந்தப் பக்கம் வழியும் என்று சொல்லக் கணிதத்தில் ஒரு சார்பு இருக்கிறது, மலைச்சரிவு தண்ணீருக்கு வழி காட்டுகிற மாதிரி. செம்புக்கு அந்தச் சரிவை எழுதிக் கொடுப்பதுதான் தன் வேலை என்றான். கஷ்டமான விஷயம் எதிரே வந்து நின்றால் வகுப்பெடுக்க ஆரம்பிப்பது அவன் வழக்கம். அக்கா பொறுமையாகக் கேட்டாள். கேட்டுக்கொண்டே, கடைப் பழக்கத்தில், முன்னால் கிடந்த கம்பியைக் கையில் எடுத்தாள். அவன் கவனிக்கவில்லை. அந்த நேரம் பார்த்து அவனுக்குத் தைரியம் வந்திருந்தது.

“அம்மா என்ன சொல்றாங்கன்னா, நீ திரும்பிப் போயிட்டா எல்லாம் பழையபடி ஆயிடும்னு.”

அவள் விரல்களில் கம்பி மெழுகு மாதிரி வளைந்தது. சத்தமே இல்லை.

அவன் முகம் போன போக்கைப் பார்த்து அவளுக்கே விளங்கிவிட்டது. “இரு, பதறாத. நிமிர்த்திடறேன். இதுதானேடா என் பொழப்பு” என்று கட்டைவிரல்களை வளைவில் ஊன்றி அழுத்தினாள். வளைந்த இடம் அசையவில்லை. பலத்தைக் கூட்டினாள், அதற்கு இரண்டு பக்கமும் புதிதாக இரண்டு வளைவுகள் வந்தன, பழையது அப்படியே இருந்தது.

அவனுக்குக் காரணம் தெரியும். முதல் தடவை அணு வரிசைகள் ஒன்றன்மேல் ஒன்று தடையில்லாமல் வழுக்கிவிடும். வழுக்குகிறபோதே உள்ளே பிசகுகள் பெருகி, ஒன்றோடொன்று சிக்கி, வாசலில் முட்டி மோதும் கூட்டம் மாதிரி நின்றுவிடும். பிறகு யாரும் யாருக்கும் வழிவிடுவதில்லை. இவ்வளவு தெரிந்தவன் தன் சமன்பாட்டில் அதற்கு இடம் வைக்கவில்லை; அதில் ஒரு தடவை வளைந்த கம்பியும் வளையாத கம்பியும் ஒன்றுதான். உன் செம்புக்கு ஞாபகமே கிடையாதாப்பா என்று பேராசிரியர் கேட்டபோது, கணக்கு சுலபமாக இருக்கட்டுமென்று விட்டுவிட்டேன் சார் என்று கூசாமல் சொல்லியிருந்தான்.

“வளைக்கறப்ப வந்துச்சே. ஏன்டா திரும்ப வரமாட்டேங்குது?” அவள் விரல் நுனிகள் சிவந்திருந்தன.

இதைப் பற்றி அவனால் நாள் முழுக்கப் பேச முடியும். “அது வராதுக்கா” என்றான்.

கீழே கார் ஹாரன் ஒரு தடவை அடித்தது, கொஞ்சம் சத்தமாக. மேசையில் போன் அதிர்ந்தது, அம்மா. அவன் எடுக்கவில்லை. அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டே, உன் வேலையையும் கெடுத்தாச்சு, இனி இங்கே இருந்து என்ன செய்யப்போறேன் என்கிற மாதிரி ஏதோ முணுமுணுத்தாள். அவன் பாக்கெட்டைத் துழாவி ஒரு சாவியை எடுத்து அவள் முன்னால் வைத்தான்.

“என் ரூம் சாவி. கட்டில் ஒரு பக்கம் இறங்கும், பாத்துப் படு.”

“அவருகிட்ட?”

“நான் போய்ச் சொல்லிட்டு வர்றேன்.”

என்ன சொல்வதென்று இதற்கு ஒத்திகை இல்லை. கதவருகே போய்த் திரும்பிப் பார்த்தான். அக்கா இன்னும் சாவியைத் தொடவில்லை. கம்பியை மேசையில் வைத்து, பழக்கமில்லாத அக்கறையோடு, அழிரப்பர்களை இருபுறமும் நகர்த்திக்கொண்டிருந்தாள். அவசியமே இல்லை. கம்பி உருளவில்லை, தன் வளைவின்மேல் இரண்டு தடவை ஆடி, சாவிக்குப் பக்கத்தில் நின்றது.