சுருளாத இறால்

"அப்பா, இறால் ஏன் சுருண்டு படுக்குது? வயிறு வலிக்குதா?"

மகள் அடுப்படியில் நின்று கேட்டபோது லாரி ஓட்டுநர் வாய்விட்டுச் சிரித்தார். சில மாதங்களில் அவளே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டபோது அவர் எங்கோ லாரியில் இருந்தார். எதிர்வீட்டுத் தையல்காரம்மாதான் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு, செருப்புகூட இல்லாமல், மூன்று மாடி இறங்கி மருத்துவமனைக்கு ஓடினாள். பிள்ளை பிழைக்கவில்லை. தையல்காரம்மாவிடம் நன்றி சொல்ல அவருக்கு இன்றுவரை வாய் வரவில்லை. அதன்பின் அவர் வீட்டில் இறாலும் வாங்கவில்லை.

இப்போது தையல்காரம்மா ஒரு வாரமாகக் காய்ச்சலில் கிடந்தாள்.

"அக்காவுக்கு எதுவுமே இறங்கலைங்க. இறால் நூடுல்ஸ்னா ரெண்டு வாய் சாப்பிடலாம்னாங்க. என்னால அதைத் தொட முடியாது," என்றாள் மனைவி.

"நான் செய்றேன்."

"சுடுதண்ணி வைக்கத் தெரியாத ஆளு!"

அவர் இறாலை உரித்தார். ஒவ்வொன்றின் அடிவயிற்றிலும் கத்தியால் மெல்லக் கீறினார்; கீறிவிட்டால் வேகும்போது சுருளாது. இஞ்சியும் பூண்டும் வதக்கி, நீர்விட்டு, சோயா சாஸ் ஊற்றிக் கொதித்ததும் இறாலை இட்டார். எல்லாம் நிமிர்ந்தே வெந்தன. எட்டிப் பார்த்த மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள்.

எதிர்வீட்டுக் கதவு ஒருக்களித்திருந்தது. தையல்காரம்மா அயர்ந்து தூங்கினாள். விழிப்பதற்குள் நூடுல்ஸ் ஊறிவிடக் கூடாதென்று வேகவைத்த நூடுல்ஸைக் கிண்ணத்திலும் இறால் சாற்றைத் தனியாக பிளாஸ்கிலும் கொண்டுவந்திருந்தார். இரண்டையும் அவள் கைக்கெட்டும் தூரத்தில் வைத்தார்.

"கடவுள் உங்களைக் காப்பாத்தணும்மா," என்று உதட்டுக்குள் சொல்லிவிட்டு, சத்தமில்லாமல் கதவைச் சாத்தினார்.