கோள்மூட்டி

"கோள்மூட்டி வருது," என்றாள் மதுஷிகா, நண்டுக்காலை உடைத்தபடி. பாவி, தலையை நிமிர்த்தியாவது பார்த்திருக்கலாம். புலனாய்வுக் கந்தோர்க்காரரின் மோட்டார் சைக்கிள் ஏற்கெனவே கொட்டில் வாசலில் வந்து நின்றிருந்தது. பன்னிரண்டு பெண்களின் கையும் அப்படியே நின்றது.

அந்தச் சொல்லை வங்காலைக்குக் கொண்டுவந்தவள் மார்த்தா. இயக்கத்தில் ஆறு வருடம், போர் முடிந்தபின் புனர்வாழ்வு முகாமில் இரண்டு வருடம் இருந்துவிட்டு இந்த நண்டுக் கொட்டிலுக்கு வந்தவள். அடுப்படியில் காவல் நிற்பவளுக்குச் சென்றி, ஐஸ் தீர்ந்தால் லைன் முறிஞ்சுது என்று அவள் வாயில் வந்த போர்முனைச் சொல்லெல்லாம் மற்றவர்களுக்கும் தொற்றிக்கொண்டது. மதுஷிகாவுக்கு அவை எங்கே பிறந்தவை என்றே தெரியாது. மாதம் தவறாமல் வந்து, மார்த்தா எங்கே போகிறாள், யாரோடு பேசுகிறாள் என்று கேட்டு எழுதிப்போகும் மனிதருக்குக் கோள்மூட்டி என்று பெயர் என்பது மட்டும் தெரியும்.

"அதென்ன சொல்?" அவர் கொப்பியை விரித்தார்.

முதலாளி அமிர்தநாயகம் கதிரையை விட்டு எழும்பி ஓடிவந்தார். "அது நண்டு லொறியைச் சொல்லுறவை, சேர். என்ன மார்த்தா, ஓம் எண்டு சொல்லன்."

பொய் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது. ஓம் என்றால் வேலை மிஞ்சும். இல்லையென்றால் இன்றே வீட்டுக்குப் போகவேண்டியதுதான், அவளை இனி எந்தக் கொட்டிலும் எடுக்காது. ஆனால் மார்த்தாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லொறியாம்!

"லொறி இல்லை. வேவு பிளேன். முதல் அது வந்து சுத்திப் பாத்திட்டுப் போகும், ஒண்டும் போடாது. பிறகு குண்டு போடுறது வரும். போய்க் கோள் சொல்லுறதெண்டு எங்கட பங்கர்ப் பிள்ளையள் வைச்ச பேர். நாங்கள் எட்டுப் பேர் இருந்தம். இப்ப நான் மட்டும்தான். எழுதுங்கோ."

அவர் எழுதினார். "இப்ப ஆரைச் சொல்லுறீங்கள்?"

"மார்த்தா, வாயை மூடு," என்றார் அமிர்தநாயகம். குரல் கெஞ்சியது.

"உங்களைத்தான் ஐயா. அதையும் எழுதுங்கோ. என்ர பேரையும் முழுசாப் போடுங்கோ."

பேனா நின்றது. நண்டு அவித்த தண்ணீர் அவருடைய சப்பாத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது. மார்த்தா அடுத்த நண்டை எடுத்து ஓட்டைப் பிளந்தாள். பிறகு மதுஷிகாவின் பக்கமிருந்தும் ஓர் ஓடு உடைந்தது.