குறைப்பதற்குக் குப்பை இல்லை

விருத்தாசலம் ஜங்ஷன் பக்கம் இருந்த அந்த அரசு அலுவலகத்துக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. அலுவலகக் குப்பையை முப்பது சதவீதம் குறைக்க வேண்டும். குறைப்பதற்கு முன் ஒன்று, குறைத்த பின் ஒன்று என்று இரண்டு படங்கள் அனுப்ப வேண்டும். குப்பை எங்கே என்று தேடியபோதுதான் வம்பு தெரிந்தது. குப்பை இல்லை.

கூட்டிப் பெருக்கும் ஒப்பந்தத் தொழிலாளி அமிர்தம்தான் காரணம். ஒருபக்கம் அச்சான தாள்களை வெட்டித் தைத்துத் தபால் மேசைக்குக் குறிப்பேடாக்கிவிடுவாள். டீத்தூள் வாசல் செம்பருத்திச் செடிக்கு. சாப்பிட்ட இலை பக்கத்து வீட்டு மாட்டுக்கு. பேப்பர் கப்பை ஒழித்துவிட்டு, பீங்கான் கம்பெனியில் கோணலென்று கழித்துப்போட்ட கோப்பைகளைக் கேட்டு வாங்கி வந்து வைத்திருந்தாள். இது எதற்கும் அவளுக்குச் சுற்றறிக்கை வந்ததில்லை. அதனால்தான் நடந்தது.

"இல்லாத குப்பைய எப்படிய்யா குறைக்கிறது?" என்றார் மேலாளர் செந்தமிழன்.

"பூஜ்யம்னு எழுதிடலாங்க சார்" என்றார் இளநிலை உதவியாளர் கோதண்டபாணி.

"பூஜ்யத்துல முப்பது சதவீதம் எவ்ளோன்னு மேல கேப்பாங்க. நீ வந்து சொல்லுவியா? முதல்ல குப்பையப் போடு, அப்புறம் குறைப்போம்."

இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் கோதண்டபாணி தடுமாறாமல் பேசிய ஒரே வாக்கியம் 'சரிங்க சார்'. அதையே சொன்னார்.

அமிர்தம் சாப்பிடப் போன நேரம் பார்த்து, புதுப் பேப்பர் கட்டு ஒன்றைப் பிரித்துக் கசக்கிச் செம்பருத்தி அடியில் கொட்டினார். ரொம்ப வெள்ளையாக இருந்தது. மேலே இரண்டு கோப்பை டீயை ஊற்றினார். குனிந்து, சாய்ந்து, முழங்காலில் மண் ஒட்ட உட்கார்ந்து படம் எடுத்தார். கல்யாண ஆல்பத்துக்குக்கூட யாரும் அவ்வளவு பாடுபட்டதில்லை. படம் நன்றாக வந்ததில் கொஞ்சம் பெருமைகூட வந்தது. அந்தப் பெருமையை நினைத்தால்தான் அவருக்கு இன்னமும் உடம்பு கூசுகிறது.

அமிர்தம் வந்து பார்த்தாள்.

"யாரு சார் இப்படிப் பண்ணது?"

"காத்துல பறந்துருக்கும்மா."

"காத்து டீய வேற ஊத்திட்டுப் போச்சா சார்?"

முணுமுணுத்துக்கொண்டே அரை மணியில் வாரிச் சுத்தம் செய்தாள். 'பின்' படமும் ஆயிற்று.

அப்புறம்தான் படிவத்தில் 'முன்' படத்துக்குக் கீழே ஒரு கட்டத்தைப் பார்த்தார்: 'சுத்தத்துக்குப் பொறுப்பானவர் பெயர்.'

"அமிர்தம்னு போடு" என்றார் செந்தமிழன்.

"சார், அந்தம்மா ஒப்பந்தம் இந்த வாரந்தான் புதுப்பிக்கப் போவுது. இந்தப் படத்தோட பேரு போனா தூக்கிடுவாங்க சார்."

"அதுக்கு நான் என்னா பண்றது? குப்பை இருக்குதில்ல? அப்ப ஒரு ஆளு வேணுமில்ல?"

"சரிங்க சார்."

மேசைக்கு வந்து, அந்தக் கட்டத்தில் 'கோதண்டபாணி, இளநிலை உதவியாளர்' என்று எழுதினார். வீரம் என்று யாரும் தப்பாக நினைத்துவிட வேண்டாம். மேலாளர் எதையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறவர் இல்லை என்பது ஒன்றுதான் அவருடைய துணிச்சல். அன்றும் படிக்கவில்லை.

பதினோரு நாளில் மூன்று தாள்கள் வந்தன. குப்பை ஒழிப்பில் முன்மாதிரி என்று செந்தமிழனுக்குப் பாராட்டு. இன்னொரு வருஷத்துக்கு அமிர்தத்துக்கு ஒப்பந்தம். அலுவலகத்தில் குப்பை சேரக் காரணமாக இருந்தது ஏன் என்று விளக்கம் கேட்டுக் கோதண்டபாணிக்கு மெமோ.

அமிர்தம் டீயோடு வந்தாள்.

"என்னா சார், குப்பைக்கு மெமோவாமே?"

"ஆமாம்மா."

"அத அங்க கொட்டனது நீங்கதான?"

இந்தத் தடவை காற்றைக் கூப்பிட அவருக்கு மனம் வரவில்லை. "நான்தாம்மா."

"அப்ப சரியாத்தான குடுத்துருக்காங்க" என்றாள் அமிர்தம். கோப்பையை மெமோவின் மேல் வைக்காமல், கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டுப் போனாள்.