கபிலனுக்கு நாவூறு கழித்த அன்று

கார்போர்ட் கிங்ஸ் என்ற அமெரிக்க ஃபங்க் ராக் குழுவின் சரித்திரம் சுகிர்தனுக்குத் தலைகீழ்ப் பாடம். ஒஹையோவில் ஒரு கார்க் கொட்டிலில் தொடங்கியது, ஒரே பாட்டில் உச்சிக்கு ஏறியது, பாடகரும் டிரம்ஸ்காரரும் சண்டை பிடித்துப் பிரிந்தது, தலை நரைத்தபின் வெட்கமில்லாமல் மறுபடி சேர்ந்தது, எல்லாம் தெரியும். எந்த ஆல்பத்தில் யார் பேஸ் கிட்டார் என்று நித்திரையில் கேட்டாலும் சொல்வான். கபிலனுக்கு அந்தக் குழுவின் பெயரைச் சொன்னதே அவன்தான்.

சுற்றுப்பயணத்தில் சிட்னிக்கு வந்த இடத்தில் அவர்களின் பேஸ்காரர் கோபித்துக்கொண்டு விமானம் ஏறிவிட்டார். அவசரமாக ஆள் தேடினார்கள். தானும் பேஸ் வாசிக்கிறவன்தானே என்று சுகிர்தன் ஓடினான். தனியே போகப் பயம். மெரிலேண்ட்ஸ் பக்கத்துக் கல்யாண வீடுகளிலும் பெண் பிள்ளைகளின் சாமத்திய வீடுகளிலும் தன்னோடு கிட்டார் வாசிக்கும் கபிலனையும் இழுத்துக்கொண்டு போனான். பெண் பார்க்கத் துணைக்குப் போனவனுக்கே பெண்ணைக் கொடுத்த கதையாயிற்று. "நீயும் ஒருக்கா வாசியேன்" என்றார்கள், கபிலன் வாசித்தான், அவனையே எடுத்தார்கள். இனி மிச்சப் பயணம் முழுக்க, அமெரிக்கா வரை, அவன்தான்.

சுகிர்தன் கட்டிப்பிடித்து வாழ்த்தினான். வயிறு பற்றி எரிந்தது. முதல் மேடையிலேயே கபிலனுக்குக் கம்பி அறுந்தால் என்ன என்றுகூட நினைத்தான்.

புறப்படுகிற அன்று காலை கபிலனின் அம்மா யோகா அன்ரி கண்பட்ட நாவூறு கழிக்க மகனைக் கதிரையில் இருத்தி, செத்தல் மிளகாயையும் உப்பையும் கைக்குள் பொத்தி மூன்று தரம் சுற்றினார். குசினிக்குப் போய் அடுப்பில் காய்ந்த தாச்சியில் போட்டார். புகை தொண்டையில் கமறினால் பிள்ளைமேல் கண் இல்லை. கமறாவிட்டால் யாரோ பொறாமைப்பட்டிருக்கிறார்கள். வழியனுப்ப வந்து நின்ற சுகிர்தனுக்கும் அது தெரியும்.

மிளகாய் கருகியது. கமறவேயில்லை.

சுகிர்தனுக்கு வியர்த்தது. ஒருத்தராவது இருமித் தொலையுங்களேன்! ஒருவரும் இருமவில்லை. கடைசியில் அவனே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமினான்.

அன்ரி திரும்பினார். "என்ன தம்பி, எங்களுக்கு ஒண்டும் இல்லை, உமக்கு மட்டும் கமறுதே?"

"ஓம் அன்ரி... லேசா."

அன்ரி கதிரையை இழுத்துப் போட்டார். "வாரும், இதில இரும். உமக்கும் கழிச்சு விடுறன். நீரும் வாசிக்கிற பிள்ளைதானே."

"இரடா மச்சான், அம்மா விடமாட்டா" என்றான் கபிலன்.

சுகிர்தன் இருந்தான். கை தலையைச் சுற்றும்போது அவனுக்கு ஓர் ஆசை வந்தது. தன் மிளகாயும் கமறக்கூடாது. இந்தச் சிட்னியில் யாராவது ஒருவர் தன் வாசிப்பைப் பார்த்து வயிறெரிந்திருக்க மாட்டார்களா?

தாச்சியில் போட்டதுதான் தாமதம், வீடெல்லாம் காரம் ஏறியது. கபிலன் கண்ணில் நீர் வழிய இருமினான். அன்ரி துவாயால் மூக்கைப் பொத்தினார். ஸ்மோக் அலாரம் கூரை பிளக்க அலறியது.

"நல்லது தம்பி," இருமலுக்கு நடுவே அன்ரி சந்தோஷமாகச் சொன்னார். "உம்மில ஒருத்தற்றை கண்ணும் இல்லை."