சங்கீனின் முற்றத்துக்கு மேலே நிற்கும் தோட்டாக்கள்

பர்யாலை முதன்முதலாக ஐந்து விக்கெட் எடுத்த நாளில் ஊர் வானத்தைப் பார்த்துச் சுட்ட தோட்டாக்களில் ஒன்றுகூடத் தரைக்குத் திரும்பவில்லை. அவை அவனுடைய அப்பா சங்கீனின் முற்றத்துக்கு மேலே, மல்பெரி மரத்தைவிட மூன்று மடங்கு உயரத்தில், நுனி கீழ்நோக்கியபடி நின்றுகொண்டன. மறுநாள் காலையில் துணி காயப்போட வந்த அவனுடைய அம்மா ஸ்போஜ்மை, வெள்ளைத் துப்பட்டாவில் எள் இறைத்ததுபோல் புள்ளி புள்ளியாக ஏதோ கிடப்பதைக் கண்டு உதறிப் பார்த்தாள். போகவில்லை. இன்னொரு முறை துவைத்தாள். அப்போதும் போகவில்லை. பிறகுதான் அது நிழல் என்று புரிந்து நிமிர்ந்து பார்த்தாள்.

ஆப்கானிஸ்தானில், கோஸ்த் நகரத்துக்குப் பக்கத்து மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் ஊரில் ஆண் குழந்தை பிறந்தால் சுடுவார்கள், கல்யாணத்துக்குச் சுடுவார்கள், பெருநாள் பிறையைக் கண்டால் பிறையைப் பார்த்தே சுடுவார்கள். மேலே போனது எங்கே விழும் என்று யோசிக்கிற பழக்கம் எங்களுக்குக் கிடையாது. யோசிக்கிறவர்கள் எல்லோரும் எப்போதோ காபூலுக்குக் குடிபோய்விட்டார்கள். பெஷாவர் அகதி முகாமில் டேப் சுற்றிய டென்னிஸ் பந்தை எறிந்து எறிந்து வேகப்பந்து பழகிய பையன், ஊர் திரும்பி, தேசிய அணிக்குப் போய், தொலைக்காட்சியில் ஓடிவருகிறான். ஊருக்குக் கை சும்மா இருக்குமா? ஆட்ட நாளில் கடைத்தெருவில் சர்க்கரை விலை அப்படியே இருக்கும், தோட்டா விலை ஏறிவிடும்.

தோட்டாக்கள் எதற்காக நிற்கின்றன என்பது ஷார்ஜாவில் தெரிந்தது. கடைசி ஓவர் பர்யாலைக்கு வந்தது. முதல் பந்தை எதிராளி கூட்டத்துக்குள் தூக்கி அடித்தான். அதே நொடியில் இங்கே சங்கீன் வீட்டில் ஒரு பிடி தோட்டா உதிர்ந்து கோழிக்கூடு சல்லடையானது. அடுத்த சிக்ஸருக்குப் பசு செத்தது. படம் நடுங்குகிறதே என்று ஆன்டெனாவைத் திருப்பக் கூரைக்கு ஏறிக்கொண்டிருந்த இளைய மகன் கியாலை மூன்றாவது சிக்ஸருக்கு ஏணியிலிருந்து விழுந்தான். விழுவதற்கு முன்பே உயிர் போயிருந்தது. பக்கத்து வீட்டுக் களத்தில் உலர்த்தியிருந்த ஆப்ரிகாட்டில் ஒன்றுகூட அடிபடவில்லை.

பர்யாலை தொலைபேசியில் கேட்டான். "அம்மா, தம்பிக்கு யாரு குறி வச்சது?"

"ஊருதான், கண்ணு. உன்மேல இருக்கிற பாசத்துல."

"நீங்க ரெண்டு பேரும் அந்த வீட்ட விட்டுக் கிளம்புங்க."

"கிளம்பலாம். யாரு வீட்டுக்கு?"

அந்தக் கேள்வியைத்தான் ஊர்ப் பஞ்சாயத்து மூன்று கெட்டில் பச்சைத் தேநீர் குடித்துப் பேசி முடித்தது. மலிக் ஸர்வலிதான் தலைமை. சங்கீனின் குடும்பம் எங்கே போனாலும் தோட்டாக்களும் விருந்தாளியாகப் பின்னாலேயே வரும். வாசலுக்கு வந்த விருந்தாளியை விரட்டும் வழக்கம் நமக்குக் கிடையாது. ஆகவே அந்தக் குடும்பத்துக்கு யாரும் இடம் கொடுக்கக் கூடாது என்று மரியாதையாகத் தீர்ப்பாயிற்று. "சரி மலிக், சுடறதையாவது நிறுத்தச் சொல்லுங்க," என்றார் சங்கீன். மலிக்குக்கு நிஜமாகவே மனசு புண்பட்டுவிட்டது. "உம்ம பிள்ளை ஜெயிக்கும்போது நாங்க சும்மா உக்காந்திருந்தா உமக்குத்தானய்யா அவமானம்? நாளைக்கு நாலு ஊரு என்ன பேசும்?" என்றார். கடைசியில் பெரிய மனசு பண்ணி, அடுத்த பள்ளத்தாக்குக்குப் போய்ச் சுடுவதாக ஒப்புக்கொண்டார்கள். அடுத்த வெற்றிக்கு அப்படியே செய்தார்கள். தோட்டாக்கள் குன்றைத் தாண்டி, ஆட்டு மந்தைபோல் வரிசையாக வந்து, சங்கீனின் முற்றத்துக்கு மேலே இடம் பிடித்துக்கொண்டன. அவ்வளவு தூரம் நடந்தது வீண் என்று எல்லோரும் பழைய இடத்துக்கே திரும்பினார்கள்.

பிறகு வந்த வருடங்களில் பர்யாலை மோசமாகப் பந்து வீசவே இல்லை. டாக்காவில் காய்ச்சலோடு வீசினான். கரீபியன் தீவு ஒன்றில் விரல் எலும்பு முறிந்த கையோடு வீசினான். வர்ணனையாளர்கள் அவன் கண்ணில் பசி தெரிகிறது என்றார்கள். சோப்பு விளம்பரத்தில் அவனைச் சிரிக்கச் சொன்னார்கள். மேலே பார்த்துப் பார்த்துச் சிரித்தான். அவன் விக்கெட் எடுக்க எடுக்க ஊர் சுட்டது, ஊர் சுடச் சுட மேலே கூட்டம் கூடியது. ஸ்போஜ்மையின் முற்றத்தில் வெயில் நின்றுபோனது. பனி அவர்கள் வீட்டை மட்டும் விட்டுவிட்டு ஊரெல்லாம் பெய்தது. மல்பெரி காய்ப்பதை நிறுத்தியது. நண்பகலில் விளக்கேற்றி அவள் மாவு பிசைந்தாள். சொந்தக்காரர்கள் வாசலில் நின்றபடியே நலம் விசாரித்து, தட்டில் வைத்த உலர்திராட்சையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்கள். அவள் யாரையும் சபிக்கவில்லை. கியாலையின் செருப்பை மட்டும் ஏணிக்குக் கீழேயே விட்டுவைத்திருந்தாள்.

பர்யாலையின் முழங்கால் தேய்ந்துபோனது. அணியிலிருந்து அவன் பெயரை எடுத்துவிட்டார்கள். இளைஞர்களுக்கு வழிவிட வேண்டும் என்று யாரோ நல்ல விதமாகச் சொன்னார்களாம். அவன் பையைத் தூக்கிக்கொண்டு பேருந்தில் வந்து இறங்கியபோது ஊர் மரியாதைக்குச் சுட்டது. அன்று முதல் தோட்டாக்கள் தினமும் ஒரு சாண் இறங்கத் தொடங்கின. அவற்றைத் தாங்கிப் பிடிக்க இனி விக்கெட் இல்லை. முதல் தோட்டா மல்பெரியின் உச்சிக் கிளையைத் தொட்ட காலையில் ஸ்போஜ்மை மகனை எழுப்பினாள். "பந்த எடு. உங்கப்பா நிப்பாரு."

சங்கீன் அதுவரை கிரிக்கெட் பேட்டைத் தொட்டதில்லை; அந்த விளையாட்டு தன் ஒரு பிள்ளையைத் தூர தேசத்துக்கும் இன்னொரு பிள்ளையைக் குழிக்கும் அனுப்பியது என்று சொல்லிக்கொண்டிருந்தவர். ஒற்றை ஸ்டம்புக்கு முன்னால் தலைப்பாகையோடு நின்றார். பர்யாலை நொண்டிக்கொண்டே நாலடி ஓடிவந்து வீசினான். ஸ்டம்ப் சாய்ந்தது. தோட்டாக்கள் ஒரு சாண் மேலே போயின. அதற்குப் பிறகு தினமும் மாலைத் தொழுகைக்கு முன் சங்கீன் அவுட் ஆனார். ஊர் ஆண்கள் மதில்மேல் ஏறி உட்கார்ந்து பைன் விதை கொறித்தபடி பார்த்தார்கள், ஸ்டம்ப் விழுந்ததும் வழக்கம்போல் சுட்டார்கள்.

"சங்கீன் லாலா, பேட்ட எதுக்குப் பிடிச்சிருக்க? ஈ ஓட்டவா?"

"விடுப்பா, வயசான காலத்துல பிள்ளைகிட்ட தோக்கிறதும் ஒரு வேலைதான்."

"நம்ம ஊர்ல தினம் தோத்துட்டு ராத்திரி நிம்மதியா ரொட்டி தின்ற ஒரே ஆம்பளை இவருதான்!"

அவர்கள் கெட்டவர்கள் இல்லை. பொழுது போகவில்லை, அவ்வளவுதான். ஒரு குளிர்காலம் முழுக்க அதைக் கேட்டுக்கொண்ட சங்கீன், வசந்தத்தில் ஒரு நாள், மகனின் பந்து சற்றே குட்டையாக விழுந்தபோது, ஒரு கால் பின்வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு சுழற்றினார். பந்து மதிலைத் தாண்டி, சாலையைத் தாண்டி, மலிக்கின் கோதுமை வயலில் விழுந்தது. மதில்மேல் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். சங்கீன் வாழ்க்கையில் முதல் தடவையாக அப்படிச் சிரித்தார். சிரித்த முகத்தோடு மனைவியைத் தேடினார். அவள் ரொட்டி அடுப்படி வாசலில் நின்று இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்த ஒரு அடிக்கு எவ்வளவு உண்டோ அவ்வளவு தோட்டா மட்டும் விழுந்தது. எதிரே நின்ற பர்யாலையின் மேல் ஒரு கீறலும் இல்லை. சங்கீனின் சிக்ஸருக்காக ஊர் சுட்டதும் மேலே போய் மற்றவற்றோடு சேர்ந்துகொண்டது.

சங்கீனின் அடக்கம் முடிந்து, ஆறுதல் சொல்ல வந்தவர்களுக்குப் புலாவ் போட்டு முடிக்கிற வரைக்கும் தோட்டாக்கள் பொறுத்தன. பிறகு மறுபடி மல்பெரியைத் தொட்டன. ஸ்போஜ்மை துப்பட்டாவைக் கழுத்துக்குப் பின்னால் முடிந்துகொண்டு ஸ்டம்புக்கு முன்னால் வந்து நின்றாள். கையில் பேட் இருந்தது. பெண்பிள்ளை இறங்கி நிற்கும் முற்றத்தைப் பார்ப்பது எங்கள் ஊரில் பெரிய குற்றம். மதில்மேல் இருந்தவர்கள் சட்டென்று குதித்து இறங்கி, வீட்டுக்கு முதுகைக் காட்டி வரிசையாக உட்கார்ந்தார்கள். துப்பாக்கி மடியில்தான் இருந்தது.

"என்னால முடியாதும்மா," என்றான் பர்யாலை. "உனக்கு எப்படிம்மா நான் வேகமா போடறது?"

"ஷார்ஜாவுல எவனெவனுக்கோ போட்டியே, பெத்தவளுக்கு ஒரு பந்து போடக் கூடாதா? காலுக்கு நேரா யார்க்கரா போடு. நான் அசைய மாட்டேன்."

"பட்டுட்டா?"

"இந்த வீட்டுல யாருக்குடா படல? போடு."

அவன் அழுதுகொண்டே ஓடிவந்து வீசினான். ஸ்டம்ப் விழும் சத்தம் மதிலுக்கு அப்பால் கேட்டது. முதுகைத் திருப்பியபடியே ஊர் சுட்டது.

இது தொடங்கிப் பல வருடம் ஆகிறது. அந்த வேட்டுச் சத்தம் கேட்டால் எங்கள் ஊர்ப் பெண்கள் இரவு ரொட்டிக்கு அடுப்பு மூட்டுகிறார்கள். கடிகாரம் வாங்குகிற செலவு மிச்சம். பர்யாலையால் இப்போது ஓடிவர முடிவதில்லை, நின்ற இடத்திலிருந்தே வீசுகிறான். நேற்றுப் பந்து வழிதவறி அவளுடைய கணுக்காலில் பட்டது. ஸ்போஜ்மை ஒரு நிமிடம் குனிந்து நின்றுவிட்டு, அடிபட்ட காலைக் கொஞ்சம் தள்ளி வைத்து, ஸ்டம்ப் அவனுக்கு முழுசாகத் தெரியும்படி நின்றுகொண்டாள். "ம், இன்னொன்னு போடு," என்றாள்.