விரலுக்குத் தட்டுப்படும் விலா

விரல்கள் தேடிக்கொண்டே இருக்கின்றன, சோளத்தின் விலாவில், ரோமத்துக்கும் கொழுத்த தோலுக்கும் அடியில் எங்கோ எலும்பு இருக்க வேண்டும், கிடைக்கவில்லை, கிடைக்காததில் எனக்கொரு நிம்மதி, சோளம் என் நாய்க்குட்டி, கிரேட் டேன் என்னும் பெரிய ஜாதி, தனியாக் கெடக்காதீங்கப்பா என்று மகள் கொண்டுவந்து விட்டுவிட்டு பெங்களூருக்குப் போய்விட்டாள், சோளத்தின் நிறம் என்பதால் சோளம், வந்தபோது மடிக்குள் அடங்கியது, இப்போது மடியில் தலை மட்டும்தான் கொள்கிறது, கன்னுக்குட்டியாட்டம் ஆயிருச்சே என்று தெருவே சொல்கிறது, எனக்குப் பெருமை தாங்கவில்லை, பால், முட்டை, கறிச்சோறு, தட்டு காலியானால் மறுபடியும், அது சாப்பிடும் சத்தம்தான் இந்த வீட்டில் கேட்கும் ஒரே சத்தம்.

கட்டிலில் மயிலாத்தாள், என் மனைவி, ஒருக்களித்துப் படுத்திருக்கிறாள், போன வருஷம், இல்லை, இப்போதும்தான், முதுகைத் துடைத்துவிடுகிறேன், ஈரத்துணிக்கு அடியில் விலா ஒவ்வொன்றாகத் தட்டுப்படுகிறது, நோய் அவளைத் தின்றது, அவள் எதையும் தின்னவில்லை, ஒரே ஒரு வாய் கண்ணு என்று கரண்டியோடு நிற்கிறேன், போதுமுங்க, எறங்கலீங்க, காங்கிரீட் போடறாப்புலல்ல போடறீங்க என்று சிரிக்கிறாள், கொத்துவேலை மேஸ்திரியைக் கட்டிக்கொண்டவளின் கேலி, அவள் போய்ச்சேர்ந்த பிறகு மருந்துப் பெட்டியில் கால்சியம் மாத்திரைகள் மிச்சம், எறிய மனசு வரவில்லை, பொடித்துச் சோளத்தின் பாலில் கலந்தேன், அவளுக்கு ஒட்டாதது இதற்காவது ஒட்டட்டும்.

ஒரு நாள் காலையில் சோளம் எழுந்திருக்க யோசித்தது, முன்கால்கள் வில்லாக வளைந்திருந்தன, ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஓடினேன், என்னங்கய்யா இப்படி ஊட்டி வெச்சிருக்கீங்க என்றாள் கால்நடை டாக்டரம்மா, பெரிய ஜாதிக் குட்டி மெதுவாத்தான் வளரோணும், ஒடம்பு முந்தி எலும்பு பிந்துனா காலு என்ன பண்ணும், நீங்க மேஸ்திரிதானுங்களே, தூண் இறுகறதுக்குள்ள மாடி ஏத்துவீங்களா, பாலு, மாத்திரை எல்லாத்தையும் நிறுத்துங்க, இந்த ஜாதிக் குட்டிக்குன்னே தீனி இருக்கு, அளந்து மூணு வேளையாப் பிரிச்சு வையுங்க, இப்பவே நிறுத்துனா நேராயிரும், இன்னும் ஊட்டுனீங்கன்னா அது நடக்கறதே கஷ்டமுங்க, சொல்லிக்கொண்டே என் கையைப் பிடித்து அதன் விலாவில் வைத்தாள், எலும்பு கண்ணுக்குத் தெரியக்கூடாது, விரலுக்குத் தட்டுப்படோணும், எனக்குக் கை கூசியது, விலா தட்டுப்பட்டால் ஆரோக்கியமாம், என் விரலுக்குத் தெரிந்த விலா வேறு.

அளந்து வைக்கிறேன், நொடியில் நக்கி முடித்துவிட்டுத் தட்டை மூக்கால் தள்ளிக்கொண்டு வந்து என் காலடியில் நிறுத்துகிறது, பாழாய்ப்போன பார்வை, கை தீனி டப்பாவுக்குப் போகிறது, திரும்புகிறது, பிறகு வீடு முழுக்க ஒரு சத்தமும் இல்லை, ஊட்டுவதைத் தவிர வேறு எப்படிப் பிரியம் வைப்பது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, மாத்திரைகளைக் குப்பையில் கொட்டினேன், கொட்டிவிட்டு அங்கேயே நின்று அழுதேன், சோளம் வந்து முட்டியில் முகத்தைத் தேய்த்தது, தீனிக்காக என்றுதான் நினைத்தேன், கையில் ஒன்றும் இல்லை என்று தெரிந்தும் போகவில்லை.

இன்று வாசல் வெயிலில் தட்டின் முன் கால்களை நேராக ஊன்றி நிற்கிறது, விரல்கள் போகின்றன, ரோமம், தோல், அதற்கடியில் தட்டுப்பட்டுவிட்டது, ஒரு விலா, அதற்கடுத்தது, மயிலாத்தாளின் முதுகு, கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தேன், அதற்குள் மூச்சு வந்து அந்த விலா என் கையை மேலே தூக்கியது, இறக்கியது, மறுபடி தூக்கியது, காலித் தட்டிலிருந்து தலை நிமிர்த்திச் சோளம் என்னைப் பார்க்கிறது, போதும் கண்ணு என்றேன், அவள் எத்தனையோ முறை சொல்லி நான் காதில் வாங்காத சொல், என் வாயிலிருந்தே வந்தது, கையை விலாவிலேயே வைத்திருந்தேன்.